ஆவுடைத்தங்கத்தின் இடிசல் கல்

உடைகுளத்தில் சுவர்கள் பேச ஆரம்பித்த வருசம் மழை இருபது நாள் பிந்தி வந்தது. இந்த இரண்டில் ஊர் அதிகமாகப் பேசிக்கொண்டது மழையைப் பற்றித்தான். முதலில் பேசியது பால்கார நம்பிராசன் வீட்டு முன்சுவர். வெயில் தாழ்ந்து, பகலெல்லாம் குடித்த சூட்டைச் சுவர் மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், "கதவச் சாத்துட்டீ, பூனை வந்துரும்" என்று அது வயசான ஆம்பிளைக் குரலில் சொன்னது. நம்பிராசன் பெண்டாட்டி போய்க் கதவைச் சாத்தினாள், சாத்திவிட்டுத் திரும்பும்போதுதான் இந்த வீட்டில் வயசான ஆம்பிளை யாரும் இல்லையே என்று அவளுக்கு நினைப்பு வந்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு அதே பேச்சு. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இது நம்ம தலையாரி கொரலுல்லா" என்றார். தலையாரி செத்து ஆறு வருசம் ஆகிறது. நாலுவழிச் சாலைக்காக அவர் வீட்டை இடித்து ஒரு வருசம் ஆகிறது. இடித்த காரையும் கல்லும் பூங்கனியின் மிசினில் அரைபட்டுப் புதுக் கல்லாகி நம்பிராசன் வீட்டுச் சுவராக எழும்பி இரண்டு மாதம் ஆகிறது. ஒன்றுக்கொன்று பொருந்தி வந்ததால் ஊர் அதற்கு மேல் யோசிக்கவில்லை. பூனைத் தொல்லை குறைந்திருக்கிறது என்று மட்டும் நம்பிராசன் பெண்டாட்டி சொல்லிக்கொண்டிருந்தாள்.

செய்தி வந்தபோது ஆவுடைத்தங்கம் தன் சூளைக்கரையில் சுடாத பச்சைச் செங்கல்லைப் புரட்டிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுவர் எப்படிப் பேசும் என்று அவள் கேட்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "அவ கல்லு மட்டுமா பேசுச்சு?" என்றுதான் கேட்டாள்.

ஆவுடைத்தங்கமும் பூங்கனியும் ஓர்ப்படியாள்கள். அண்ணன் பூதத்தானைக் கட்டியவள் ஆவுடை, தம்பி செல்லையாவைக் கட்டியவள் பூங்கனி. இருபத்தொன்பது வருசத்துக்கு முன்னால் பூங்கனி வலது காலை எடுத்து வைத்து அந்த வீட்டுக்குள் வந்த அன்று, மாமியார்க்காரி ஆரத்தித் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, "மகாலட்சுமி மாரில்லா இருக்கா" என்று சொல்லிவிட்டாள். அதற்கு இரண்டு வருசம் முந்தி ஆவுடை வந்தபோது அதே மாமியார், அதே தட்டைப் பிடித்துக்கொண்டு, "தலை இடிச்சிராம வாட்டி, நெலை தாழ்வு" என்று மட்டும்தான் சொன்னாள். அன்று ஆவுடையின் வயிற்றில் ஒரு கனல் விழுந்தது. சூளைக்காரி வயிறு அல்லவா, அது அணையவே இல்லை. பூங்கனி வைத்த குழம்பில் மீன் உடையவில்லை என்றால் எரிந்தது, பூங்கனி சேலைக்குச் சாயம் போகவில்லை என்றால் எரிந்தது, பூங்கனி சொன்ன ஒரு ஒன்றுமில்லாத பேச்சுக்குப் பூதத்தான் சிரித்தார் என்றால் அது நாலு நாள் எரிந்தது. ஆவுடைக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், இரண்டு பேரும் வெளிநாட்டில் நல்ல வேலையில் இருக்கிறார்கள். பூங்கனிக்குப் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவளைப் பார்த்து, பெற்றவள் ஒருத்தி 'அவ இடுப்பு மட்டும் அப்படியே இருக்கே' என்று பொறாமைப்பட வேண்டுமென்றால் அதற்குத் தனித் திறமை வேண்டும், அது ஆவுடையிடம் குறைவில்லாமல் இருந்தது.

வேலையில் அவளைக் குறை சொல்ல முடியாது. பூதத்தான் நல்ல மனிதர், ஆனால் புகையைக் கண்டால் தும்முவார், அதனால் சூளையைக் கட்டி ஆண்டவள் ஆவுடைதான். குளத்து வண்டலை மிதிக்க வைப்பதும், அறுக்க வைப்பதும், உள்ளே அடுக்கி விறகு போட்டு, எந்த நேரத்தில் சூளையின் எந்தக் கண்ணை அடைப்பது என்று புகையின் நிறத்தைப் பார்த்துச் சொல்வதும் அவள்தான். ஒவ்வொரு கல்லின் வயிற்றிலும் 'ஆ.த.' என்று அவள் பேர் குழியாகப் பதிந்திருக்கும். ஏழு ஊரில் எந்தச் சுவரை உரித்தாலும் ஆவுடைத்தங்கம்தான் உள்ளே இருப்பாள். அது ஒன்றில்தான் பூங்கனி அவளுக்கு எட்டாத தூரத்தில் கீழே நின்றாள்.

எட்டு வருசத்துக்கு முன்பு செல்லையா லாரி மோதிச் செத்துப்போனார். பதினாறாம் நாள் கழிந்து பாகம் பிரித்தபோது, வீடும் சூளையும் பெரியவருக்கு, ஓடையோரத்து மேட்டு நிலம் சின்னவன் பெண்டாட்டிக்கு என்று ஆவுடையே முன்னால் நின்று பேசி முடித்தாள். அந்த மேட்டில் எது போட்டாலும் முளைக்காது. சூளையில் வெந்து உருகிப் போன கல்லையும் உடைசலையும் முப்பது வருசமாகக் கொட்டிக் கொட்டி உண்டான மேடு அது. பூங்கனி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. அவள் மறுத்திருந்தால் ஆவுடைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பூங்கனி தகரக் கொட்டகை ஒன்றைப் போட்டுக்கொண்டு அந்த உடைசலுக்கு நடுவில் குடியிருந்தாள்.

அப்புறம் சாலை வந்தது. இருபுறமும் வீடுகளை இடித்தார்கள், இடித்ததைக் கொட்ட இடம் தேடி லாரிகள் அலைந்தன, யாரையும் கேட்காமல் பூங்கனியின் மேட்டில் கொட்டிவிட்டுப் போயின. யாராக இருந்தாலும் சண்டைக்குப் போயிருப்பார்கள். பூங்கனி, "இன்னுங் கொஞ்சம் தள்ளிக் கொட்டுங்க அண்ணே, நடக்க வழி வேணும்" என்று சொல்லிவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்த்துப் பார்த்து என்ன தோன்றியதோ, மாவட்டத் தலைநகருக்குப் போய்ப் பத்து நாள் எதையோ படித்துவிட்டு, ஒரு அரைக்கிற மிசினும் ஒரு அழுத்துகிற மிசினும் கொண்டுவந்து இறக்கினாள். இடிசலை அரைத்து, அனல் மின் நிலையத்துச் சாம்பலைச் சேர்த்து, சிமெண்டைக் கொஞ்சமாகப் போட்டு, அழுத்தி எடுத்து, ஈரச்சாக்கைப் போர்த்தி மூன்று வாரம் தண்ணீர் தெளித்தாள். மண் வேண்டாம், விறகு வேண்டாம், நெருப்பே வேண்டாம். "குப்பைய அரைச்சு வீடு கெட்டப் போறாளாம், மூதி" என்று ஆவுடை ஒரு வருசம் சிரித்தாள். ஒருநாள் அந்தப் பக்கமாகப் போனபோது புதுக்கல் ஒன்றின் முகத்தில் சிவப்பாகச் சில்லு ஒன்று தெரிய, குனிந்து பார்த்தாள். அதில் 'ஆ' இருந்தது, 'த'வைக் காணோம். இடித்த வீடெல்லாம் அவள் கல்லால் கட்டினதுதானே. தன் பேரை இடித்து மாவாக்கி அவள் கல் அறுக்கிறாள் என்று தெரிந்த அன்று ஆவுடைக்குச் சிரிப்பு நின்றுபோனது. அந்த மாதமே குளத்தில் மண் அள்ளக் கூடாது என்று உத்தரவும் வந்தது.

இப்போது அந்தக் கல் பேசவும் செய்கிறது என்றால் ஆவுடை எப்படித் தாங்குவாள்?

ஊர் தாங்கிக்கொண்டது, சிரமமே படவில்லை. எந்த வீட்டு இடிசலோ அந்த வீட்டுப் பேச்சு என்பது ஆடி பிறப்பதற்குள் எல்லாருக்கும் பழகிப்போனது. பூங்கனியும் ஒரு வீட்டு இடிசலை இன்னொரு வீட்டு இடிசலோடு கலக்காமல் தனித்தனிக் குவியலாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் பேர் எழுதிப் பலகை நட்டாள். பழைய கல்யாண மண்டபத்து இடிசலுக்கு அடிதடியே நடந்தது, நாதசுரம் கேட்கும் என்று ஆசைப்பட்டு வாங்கிப் போனவர் வீட்டில், "சாப்ட்டுப் போங்க, சாப்ட்டுப் போங்க" என்று மட்டும்தான் சுவர் சொன்னது. அந்த வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அதற்குப் பிறகு சாப்பிடாமல் போகவில்லை, வீட்டுக்காரி மட்டும் மெலிந்துபோனாள். பழைய சினிமாக் கொட்டகைக் கல்லை வாங்கினவர் பாட்டுக் கேட்கலாம் என்று பாயை விரித்து உட்கார்ந்தார், "ஏ உக்காருவே, மறைக்கி" என்று நாலு திசையிலிருந்தும் சுவர் அவரைத் திட்டியது. பழைய காவல் நிலையத்து இடிசலில் கட்டின மாட்டுத் தொழுவம் பொழுது சாய்ந்தால், "நான் இல்லீங்கய்யா, நான் இல்லீங்கய்யா" என்று கெஞ்சும், மாடுகள் பழகிக்கொண்டன. சத்துணவுக் கூடத்து இடிசலில் கட்டின மருந்தாளுநர் வீட்டில் முட்டை, முட்டை என்று சத்தம்.

நாலைந்து சுவர் எழுப்பிய பிறகு கொத்தனார் மாசானம்தான் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார். "சத்தமாச் சொன்னது நிக்காது, அழகாச் சொன்னதும் நிக்காது. எது அடிக்கடி சொன்னதோ அதுதான் நிக்கும்" என்றார். அதற்குப் பிறகு ஊரில் ஒரு வழக்கம் உண்டானது. சாலைக்காக இடிபடப் போகிற வீட்டுக்காரர்கள் இடிப்பதற்கு முன்னால் ஒருத்தரை ஒருத்தர் வையாமல் பார்த்துக்கொண்டார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் ஜாதகத்தைக் கேட்பதற்கு முன்னால் மாலை வரைக்கும் உட்கார்ந்து சுவரைக் கேட்டுவிட்டு வந்தார்கள். கல் வாங்க வருகிறவர்கள், "ஏ பூங்கனி, சிரிச்ச வீட்டுக் கல்லாப் பாத்துக் குடு தாயி" என்று கேட்டார்கள். ஏழு ஊரிலும் கல் என்றால் பூங்கனி கல் என்று ஆகிவிட்டது.

ஆவுடை முதலில் தன் கல்லைப் பேச வைக்கப் பார்த்தாள். தடை வருவதற்கு முன்பு குளத்தில் அள்ளிப் போட்டிருந்த கடைசி மண்ணில் கல் அறுத்து, அது காய்கிற களத்தில் நாதசுரக்காரர்களை உட்கார வைத்து மூன்று நாள் வாசிக்க வைத்தாள். தானும் பச்சைக்கல் வரிசைகளுக்கு நடுவில் நடந்து, "நல்லாரு, நல்லாரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். சுட்டு எடுத்து அடுக்கி, மாலையில் காதை வைத்துக் கேட்டால் கல் கல்லாகவே இருந்தது. "நெருப்புல பேச்சு வெந்துரும் மதினி" என்றார் மாசானம். "பூங்கனி கல்லு நெருப்பையே பாக்கல்லா, அதான் பேசுது." அவள் பேர் சொல்லாமல் ஆறுதல் சொல்ல இந்த ஊரில் ஒருத்தனுக்கும் வராதா என்று ஆவுடை பல்லைக் கடித்தாள்.

அடுத்த வீட்டுக்காரிக்குப் பிள்ளை பிறந்தது என்று அம்மிக் குழவியை எடுத்து வயிற்றில் இடித்துக்கொண்டவளைப் பற்றி நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. ஆவுடைத்தங்கம் அதைவிட ஒரு படி மேலே போனாள். ஒரு நாள் மத்தியானம் புருசனுக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நம்ம வீட்ட இடிச்சிருவோம்" என்றாள்.

பூதத்தானுக்குப் புரையேறிவிட்டது. "ரோடு நம்ம வீட்டுக்கு வரலையேட்டி."

"ரோடு வந்தாத்தான் இடிக்கணுமா? நம்ம வீட்டுல என்ன கொறை? ரெண்டு பிள்ளைய வளத்திருக்கோம். நாலு நல்லது பொல்லது பாத்த வீடு. இந்த வீட்டு இடிசல்ல கல்லு அடிச்சா அவ கல்லு எதுவும் கிட்ட நிக்காது. முத்திரையும் போடுவேன். ஆ.த.ன்னு பேரும் இருக்கும், பேச்சும் இருக்கும்."

"குடியிருக்க?"

"அந்தக் கல்லுலயே புதுசாக் கெட்டிக்கிடுவோம். அதுவரைக்கும் சூளைக் கொட்டகையில கெடப்போம். அவ எட்டு வருசமாத் தகரத்துக்குக் கீழ கெடக்கல்லையா? அவ மட்டும்தான் கெடப்பாளா?"

எட்டு வருசத் தகரக் கொட்டகை வாழ்க்கையின் மேல்கூட இவளுக்குப் பொறாமை இருக்கிறது என்று பூதத்தானுக்கு அன்றுதான் தெரிந்தது. அவர் தும்மிவிட்டு எழுந்து கை கழுவினார்.

மாசானம் சொன்ன சூட்சுமம் ஆவுடைக்கு மறந்துபோகவில்லை. அதனால் இடிப்பதற்கு முன்னால் ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், அந்த வீட்டில் நல்ல பேச்சு மட்டும் பேச ஏற்பாடு செய்தாள். காலையில் பஜனைக் கோஷ்டி, பத்து மணிக்குப் பக்கத்துத் தெருப் பெண்களைக் கூட்டி உட்கார வைத்துச் சிரிப்புக் கதை, சாயந்தரம் பூதத்தான் ஒவ்வொரு அறையாகப் போய் நின்று, "தங்கம், நீ தங்கமான பிள்ள" என்று நூற்றெட்டுத் தடவை சொல்ல வேண்டும். பாவம், அவர் சொன்னார். எண்பதுக்கு மேல் போனால் தொண்டை கட்டிக்கொள்ளும், ஆவுடை சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்து மீதியையும் சொல்ல வைப்பாள். அடுக்களை ஒன்றில்தான் யாரையும் விடவில்லை. அது அவளுடைய இடம், இருபத்தொன்பது வருசமாக அடுப்பைப் பார்த்துக்கொண்டு அவள் தனியாக நின்ற இடம்.

நாற்பதாவது நாள் பூங்கனி வந்தாள். பாகம் பிரித்த பிறகு அவள் அந்த வீட்டுப் படியேறியது அதுதான் முதல் தடவை. கையில் ஒரு தூக்குவாளியில் கருப்பட்டிப் பணியாரம் இருந்தது.

"நல்ல வீடுக்கா. எதுக்கு இடிக்கிய?"

"ஒங்கிட்ட மட்டும்தான் இடிசல் இருக்கணுமா?"

"நான் அதச் சொல்லலக்கா. வீடுன்னா ஒரு நாள் ரெண்டு நாள் பேச்சில்ல. எத்தன வருசமோ கேட்டது. அது என்னத்தப் பேசும்னு நமக்கே தெரியாது."

"என் வீட்டுல நல்லதுதான்டி பேசியிருக்கேன். ஒனக்கு என்ன பயம்?"

பூங்கனி தூக்குவாளியைத் திண்ணையில் வைத்தாள். போகும்போது அடுக்களைப் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டுப் போனாள். பணியாரம் ஒன்றைப் பிட்டு வாயில் போட்ட ஆவுடை, அவ கைக்கு மட்டும் எப்படித்தான் இந்தப் பதம் வருதோ என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். சொன்னதை அவள் கவனிக்கவில்லை. கவனிக்காமல் சொன்னதுதான் அந்த வீட்டில் அதிகம்.

வீடு இடிந்தது. அரைக்கிற மிசினும் அழுத்துகிற மிசினும் வந்தன, பூங்கனியிடம் இருப்பதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. கல்லின் வயிற்றில் ஆ.த. முத்திரை பதிந்தது. ஈரச்சாக்கு மூன்று வாரம் கிடந்தது. கல் நன்றாகவே வந்தது, தட்டினால் கணீர் என்றது, மாசானம்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஊர்ப் பொதுவில் கட்டுகிற நூலகத்துக்கு ஒரு பங்கு போனது, மகன் கல்யாணத்துக்காக நம்பிராசன் தம்பி எடுக்கிற மாடிக்கு ஒரு பங்கு போனது, அரிசி ஆலைக்காரர் தன் பூசை அறைக்கென்று ஒரு பங்கு கேட்டு வாங்கினார். மிச்சத்தைத் தன் புதுவீட்டுக்கென்று ஆவுடை சூளைக்கரையில் அடுக்கி வைத்தாள். புதுக்கல் இரண்டு மாதம் வெயில் குடித்த பிறகே வாய் திறக்கும் என்பதால் நூலகம் திறக்கிற நாளைத் தை மாதத்தில் வைத்தார்கள், சுவர் பேசுகிற நேரமாகப் பார்த்து வைத்தார்கள். ஏழு ஊரும் வந்திருந்தது. ஆவுடை பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் உட்கார்ந்தாள், மூன்றாவது வரிசையில் பூங்கனி நூல்சேலையில் உட்கார்ந்திருப்பதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

வெயில் தாழ்ந்தது. சுவர் தொண்டையைச் செருமியது.

"அவளுக்கு மட்டும்," என்றது சுவர், ஆவுடைத்தங்கத்தின் குரலில். "அவளுக்கு மட்டும் எப்படி மீனு ஒடையாம இருக்கு?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். வடக்குச் சுவர் தொடங்கியது. "பூங்கனி சேலைக்கு மட்டும் சாயம் போவல." தெற்குச் சுவர், "அத்தை அவளுக்கு மட்டும் கெண்டைத் தலைய எடுத்து வச்சிருக்கா" என்றது. "அவ சொன்னா மட்டும் இவிய சிரிக்காவ." "அவ முடி மட்டும் கொட்டல." "அவ கோலம் போட்டா மட்டும் மழை வரமாட்டேங்கு." ஒன்று முடியுமுன் இன்னொன்று, அடுக்களையில் வெங்காயம் அரிகிற வேகத்தில், கரண்டி கிண்டுகிற தாளத்தில், அவளுக்கு மட்டும், அவளுக்கு மட்டும் என்று நாலு சுவரும் சொல்லிக்கொண்டே போயின. பஜனை இல்லை, சிரிப்புக் கதை இல்லை, தங்கமான பிள்ளை ஒருதடவைகூட இல்லை. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்போது மேற்குச் சுவர் மெல்லச் சொன்னது: "புருசன் செத்து அழுதாலும் அவ மட்டும் அழகாத்தான் இருக்கா."

சிரிப்பு நின்றது. யாரும் பூங்கனியைப் பார்க்கவில்லை, எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஆவுடைத்தங்கம் எழுந்து, பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சூளைக்கு நடந்தாள். இருபத்தொன்பது வருசமாக ஒருத்தருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்ததைத் தானே இடித்து, தானே அரைத்து, தன் பேரையும் போட்டு ஊர் நடுவில் நிறுத்திவிட்டாள். செத்தாலும் தேவலை என்றிருந்தது.

இதையும் ஊர் தாங்கிக்கொண்டிருக்கும், மாட்டுத் தொழுவம் கெஞ்சுவதைத் தாங்கவில்லையா? ஆனால் அந்தப் பேச்சு ஒட்டுகிற ஜாதியாக இருந்தது. நூலகத்தில் படிக்க வந்தவர்கள் பக்கத்தில் இருப்பவன் புத்தகம் மட்டும் தடியாக இருக்கிறது என்று பிடுங்கினார்கள். நம்பிராசன் தம்பி மாடிக்கு வந்த புது மருமகள் மூன்றாம் நாளே, எதிர்வீட்டு மருமகளுக்கு மட்டும் ஜன்னல் கிழக்கே இருக்கிறது என்று அழுதாள். அரிசி ஆலைக்காரர் பூசை அறையில் முருகனுக்கு மட்டும் இரண்டு விளக்கு ஏன் என்று பிள்ளையார் கேட்கிற மாதிரியே தோன்ற ஆரம்பித்தது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள், இந்தக் கல்லில் இரண்டும் சேர்ந்து இருந்தது. ஒரு வாரத்தில் மூன்று இடத்திலும் சுவரைப் பிரித்தார்கள். பிரித்த கல்லையெல்லாம் யாரும் கோபப்படாமல், ஏச்சுப் பேச்சு இல்லாமல், வண்டியில் ஏற்றிவந்து சூளைக்கரையில் அடுக்கிவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கல் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். நாலு பக்கமும் தன் குரலே தன்னைச் சுற்றி நிற்க, ஆவுடை கொட்டகைக்குள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பூதத்தான் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "நூத்தெட்டுத் தடவ நாப்பத்தொரு நாள் சொன்னேனேட்டி, ஒண்ணுகூடவா நிக்கல?" என்று கேட்டார். அவளுக்கு அழுகை வந்தது. இந்த வயசில் வீடும் இல்லை, பேரும் இல்லை, ஆ.த. என்றால் இனிமேல் ஏழு ஊரும் வாயைப் பொத்திச் சிரிக்கும்.

மாசியில் ஒரு காலை, டிராக்டர் ஒன்று வந்து நின்றது. பூங்கனி இறங்கி வந்தாள்.

"அக்கா, இந்தக் கல்லு ஒங்களுக்கு ஆவாதுல்லா? எனக்குத் தாங்க."

"அரைக்கவா?"

"அரைச்சா பேச்சு போவாதுக்கா, பொடிப் பொடியா இன்னும் நெறய வாயாவும். முழுசாவே கொண்டு போறேன்."

எதற்கு என்று ஆவுடை கேட்கவில்லை. கேட்க முகம் இல்லை. கொண்டு போய் ஓடையில் போட்டு மூடுவாள் என்று நினைத்துக்கொண்டாள், அப்படிச் செய்தால் நன்றி சொல்ல வேண்டியிருக்குமே என்று அதற்கும் எரிந்தது. ஒன்பது நடை கல் போனது. அன்று சாயங்காலம் சூளைக்கரை அமைதியாகக் கிடந்தது, அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து மாசானம் வந்து, "பூங்கனி மதினி தகரத்தப் பிரிச்சிட்டு ஒத்த அறை வீடு கெட்டிட்டாவ. ஒங்க கல்லுதான். பூசக் கூடாதுன்னுட்டாவ, முத்திர உள்பக்கம் தெரியணுமாம்" என்று சொன்னார். ஆவுடைக்குத் தலைக்கு ஏறிவிட்டது. தன் அசிங்கத்தைக் கட்டி வைத்து ஊரைக் கூப்பிட்டுக் காட்டப் போகிறாளா? செருப்பைக்கூட மாட்டாமல் ஓடையைத் தாண்டி, மேட்டில் ஏறி, இடிசல் குவியல்களுக்கு நடுவில் போய் நின்றாள். வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. சின்ன வீடு, ஒரு வாசல், ஒரு ஜன்னல். சண்டை போட வந்தவள் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

பூங்கனி தரையில் கால்நீட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் காப்பி. சுவர் முழுக்க ஆ.த., ஆ.த. என்று வரிசையாக இருந்தது.

"அவ முடி மட்டும் கொட்டல," என்றது சுவர்.

"கொட்டுதுக்கா, இங்க பாருங்க, நடுவாக்குல வழுக்கையே விழுந்தாச்சு," என்றாள் பூங்கனி, கொண்டையை அவிழ்த்துக் காட்டி.

"அவளுக்கு மட்டும் மீனு ஒடையல."

"புளியக் கொதிக்க விட்டுட்டு மீனப் போடணும், கரண்டி போடக் கூடாது. கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேம்லா." சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருபத்தொரு வருசம் ஒரே வீட்டில் இருந்தும் ஆவுடை கேட்டிராத சிரிப்பு அது.

"அழுதாலும் அவ மட்டும் அழகாத்தான் இருக்கா," என்றது சுவர்.

பூங்கனி சிரிக்கவில்லை. நகர்ந்து போய் அந்தக் கல்லின் மேல் கையை வைத்தாள். "அன்னைக்கு என் மூஞ்சிய ஒருத்தருக்கும் பாக்கத் தோணலக்கா," என்றாள். "எல்லாரும் செத்துக் கெடந்த அவியளத்தான் பாத்தாவ. நீங்க ஒருத்திதான் என்னையப் பாத்திருக்கிய. இந்தா, இருவத்தொம்பது வருசமும் நீங்கதான் பாத்திருக்கிய. நான் என்ன கெட்டினேன், என்ன தின்னேன், எப்பச் சிரிச்சேன்னு என் புருசனுக்குக்கூட ஞாபகம் இருந்ததில்ல."

பிறகு காப்பி டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தாள், சுவர் அடுத்ததைச் சொல்லக் காத்திருந்தாள்.

ஜன்னலுக்கு வெளியே ஆவுடைத்தங்கத்துக்கு வயிறு எரிந்தது. எத்தனையோ எரிச்சல் பார்த்த வயிறு, ஆனால் இது அந்த வகைக்கெல்லாம் மேலே நின்றது. இத்தனை வருசத்தில் இப்படி ஒரு சாயங்காலம் தனக்கு வாய்க்கவில்லை. பூங்கனிக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் தலைமுடியைப் பார்த்து, அவள் சிரிப்பைக் கேட்டு, மீன் குழம்புக்கு வழி கேட்டு. எல்லாம் இந்தக் கல்லுக்கு வாய்த்திருக்கிறது, வாயில்லாத சவத்துக் கல், தன்னிடமிருந்து திருடிய குரலை வைத்துக்கொண்டு.

"ஒனக்கு மட்டும் என்ன வாழ்வுடி," என்றாள் சுவரைப் பார்த்து.

உள்ளே இருந்தவளுக்கு இரண்டு குரலும் ஒன்றாகத்தான் கேட்டது. திரும்பியும் பார்க்காமல், "வாழ்வு என்னக்கா வாழ்வு, கதவு தெறந்துதான் கெடக்கு," என்று சுவருக்குப் பதில் சொன்னாள் பூங்கனி.

ஆவுடைத்தங்கம் வாசலுக்குப் போனாள். நிலை தாழ்வாக இருந்தது, தலையைக் குனிந்து உள்ளே வந்தாள். பூங்கனி நிமிர்ந்து பார்த்து, டம்ளரைக் கீழே வைத்தாள். அந்த நேரம் பார்த்துச் சுவர் மறுபடியும் செருமி, "அவளுக்கு மட்டும்…" என்று ஆரம்பித்தது.

"நீ செத்த சும்மா கெட," என்று சுவரை அதட்டிவிட்டு ஆவுடைத்தங்கம் பூங்கனிக்கு எதிரில் உட்கார்ந்தாள். "இப்ப நான் பேசுதேன்."